ஹாஷ் ஃபங்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மன்னார்குடியை வைத்துச் சோதித்துப் பார்த்தீர்களா?

டெல்டாவில் அரவை மில்லுக்கும் உரக்கடைக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நெட் போனாலும் ரசீது போடுவது நிற்கக்கூடாது என்று டேட்டாவை அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைக்க, சின்னதாக ஒரு ஸ்டோரேஜ் லைப்ரரியையும் சொந்தமாக எழுதிக்கொள்கிறார்கள், நல்ல விஷயம்தான். இன்டெக்ஸ், கேஷ், லாக் எல்லாவற்றுக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஆனால் கீயை, அதாவது தேடப் பயன்படும் பெயரையோ எண்ணையோ, ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் ஹாஷ் என்று ஒரு ஃபைல் மட்டும் யாரோ அவசரத்தில் எழுதி வைத்தது அப்படியே கிடக்கும். அதற்கு டெஸ்ட் எழுதினாலும் ஹலோ, டெஸ்ட், ஏபிசி என்று நாலு ஆங்கிலக் கீதான் இருக்கும்.

முதலில் பெரிய தவறு. மொழியோடு சும்மா கிடைக்கும் ஹாஷை எடுத்து டிஸ்க்கில் எழுதிவிடுவது. பைத்தானில் ஒரு ஸ்டிரிங்கின் ஹாஷை எடுங்கள், ப்ரோக்ராமை மூடித் திறந்து மறுபடி எடுங்கள், வேறு எண் வரும். அது பக் இல்லை, 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இயல்பாகவே அப்படித்தான், ஏனென்றால் ஒரே பக்கெட்டில் (ஹாஷ் எண்ணைப் பார்த்துக் கீகளைப் பிரித்துப் போடும் அறை) போய் விழுகிற மாதிரி கீகளைப் பொறுக்கி அனுப்பி சர்வரைத் திணறடிக்கிற வழி அதற்குள் ஊரறிந்த விஷயமாகிவிட்டிருந்தது. ரஸ்ட்டின் டிஃபால்ட் ஹாஷர் அடுத்த பதிப்பிலும் இதே எண்ணைத் தரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சி++ ஸ்டாண்டர்டும் ஒரே ஓட்டத்துக்குள் மாறக்கூடாது என்று மட்டும்தான் கேட்கிறது. ஜாவாவில் ஸ்டிரிங்கின் ஹாஷ்கோட் சூத்திரம் ஆவணத்திலேயே இருப்பதால் தப்பித்தீர்கள், ஆனால் அதே தைரியத்தில் ஈனம் (enum) என்ற டைப்பின் ஹாஷ்கோடை எழுதி வைத்தால் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.

ஹாஷ் மாறினால் புரோகிராம் கிராஷ் ஆகாது, அதுதான் கொடுமை. ஒரு கீ ஃபைலில் இருக்கிறதா என்று ஃபைலைத் தேடாமலே சொல்லும் ப்ளூம் ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் ‘இருக்கலாம்’ என்று அது சொல்வது பொய்யாக இருக்க வாய்ப்புண்டு, ‘இல்லை’ என்று சொன்னால் சத்தியம், அந்த நம்பிக்கையில்தான் மொத்த லைப்ரரியும் ஓடுகிறது. ஹாஷ் மாறிய அன்றைக்கு அந்தச் சத்தியம் போய்விடும். சம்பாவில் வந்த மூட்டைக் கணக்கு ஃபைலில் பத்திரமாக இருக்கும், தேடினால் இல்லை என்று வரும், எர்ரர் மெசேஜ் கூட வராது.

சரி, மொழியின் ஹாஷ் வேண்டாம், நாமே எழுதுகிறோம் என்று சியில் உட்கார்ந்தால் அங்கே காத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பக். சார் (char) என்ற ஒரு பைட் டைப் குறியுள்ளதா (மைனஸ் எண்ணும் வருமா) குறியற்றதா என்பதை சி மொழி முடிவு செய்யவில்லை, கம்பைலர் கையில் விட்டுவிட்டது. இன்டெல் கம்ப்யூட்டரில் வழக்கமாகக் குறியுள்ளது, ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் குறியற்றது. ஆங்கில எழுத்தின் பைட் எல்லாம் 128-க்குக் கீழே, அதனால் இரண்டு இடத்திலும் ஒரே விடை. தமிழ் அப்படியில்லை. எழுத்தைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191 வரை. ஒன்று விடாமல் எல்லாமே 128 அல்லது அதற்கு மேல். குறியுள்ள சாரில் 224 என்பது மைனஸ் 32. அதை இடப்பக்கம் நகர்த்திக் கூட்டினால் மேலே உள்ள பிட்டெல்லாம் ஒன்றாகி வேறு விடை வரும்.

கூகுளின் லெவல்டிபி என்ற ஸ்டோரேஜ் லைப்ரரியில் இருக்கும் ஹாஷ், கீயை நாலு நாலு பைட்டாக எடுத்து, கடைசியில் மிஞ்சும் ஒன்று முதல் மூன்று பைட்டைத் தனியாகச் சேர்க்கும். அந்த மிச்சத்தைச் சேர்க்கும் இடத்தில்தான் குறிச் சிக்கல். சீர்காழி 8 குறியீடு, 24 பைட், நாலால் மீதமில்லாமல் வகுபடும், தப்பித்துக்கொள்ளும். மன்னார்குடி 11 குறியீடு, 33 பைட், ஒன்று மிஞ்சும், மாட்டிக்கொள்ளும். தஞ்சாவூர் 27 பைட், மூன்று மிஞ்சும். ஆக இந்தத் தவறோடு எழுதிய லைப்ரரியில் ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஆர்ம் பெட்டிக்கு மாற்றினால் சீர்காழிக் கணக்கு கிடைக்கும், மன்னார்குடிக் கணக்கு கிடைக்காது. போனில் இப்படி ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தால் யார் ஹாஷைச் சந்தேகப்படுவார்கள்? லெவல்டிபியில் குறியற்ற பைட்டாக மாற்றிப் படிக்கிறார்கள், அதற்கென்றே ஒரு டெஸ்டும் இருக்கிறது. அதிலிருந்து கிளைத்த ராக்ஸ்டிபியில் உல்ட்டா: பழைய விடை ஃபைல் ஃபார்மேட்டின் பகுதி ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று கோடிலேயே எழுதி வைத்து, எல்லா மெஷினிலும் குறியுள்ளதாகவே படிக்கச் செய்திருக்கிறார்கள். இரண்டும் சரிதான். கம்பைலர் விருப்பத்துக்கு விடுவதுதான் தவறு.

அடுத்ததும் தமிழ் சம்பந்தப்பட்டது. கும்பகோணம் என்று டைப் செய்தால் ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், உள்ளே ஒன்று 30 பைட், இன்னொன்று 33. இதை ஹாஷ் ஃபங்ஷனுக்குள்ளேயே சரி செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், ஹாஷ் ஒன்றாக வந்தாலும் அப்புறம் பைட் பைட்டாக ஒப்பிடும்போது வேறு வேறு என்றுதான் சொல்லும். கீ உள்ளே வரும் வாசலிலேயே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள், லைப்ரரி பைட்டைப் பைட்டாக மட்டும் பார்க்கட்டும். என்எஃப்சியும் சர்வரோக நிவாரணி இல்லை. ஸ்ரீவாஞ்சியத்தின் ‘ஸ்ரீ’யைச் சிலர் ஸகரத்தில் தொடங்குவார்கள், சில கீபோர்டு 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போடுகிறவர்களும் உண்டு. இவற்றை என்எஃப்சி தொடாது, அப்ளிகேஷன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்னொரு குணம். வேகம் வேண்டும் என்று கீயின் முதல் 8 அல்லது 12 பைட்டை மட்டும் ஹாஷ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘திரு’வுக்கே 12 பைட் போய்விடும். திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர், திருப்பனந்தாள், திருத்துறைப்பூண்டி எல்லாம் ஒரே பக்கெட்டில். முழுக் கீயையும் ஹாஷ் செய்யுங்கள், எக்ஸ்எக்ஸ்ஹாஷ் மாதிரி வேகமான ஹாஷ் ஒன்றுக்கு 30 பைட் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு மூன்று ஃபீல்டை ஒட்டி ஒரு கீ செய்யும்போதும் கவனம். சர்வே எண் 112, உட்பிரிவு 3. இன்னொரு நிலம் சர்வே எண் 11, உட்பிரிவு 23. நடுவில் எதுவும் போடாமல் ஒட்டினால் இரண்டும் 1123. சாய்கோடு போட்டால் போதுமா என்றால் இந்த உதாரணத்துக்குப் போதும், ஆனால் அந்தச் சாய்கோடே ஒரு ஃபீல்டுக்குள் வந்துவிட்டால் பழைய கதைதான். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதிவிடுவது நிம்மதி. எண்களை அப்படியே மெமரியிலிருந்து ஹாஷ் செய்கிறீர்கள் என்றால் பைட் வரிசையையும் முடிவு செய்துவிடுங்கள். ஸ்டிரக்சரை மொத்தமாக ஹாஷ் செய்யவே செய்யாதீர்கள், ஃபீல்டுகளுக்கு நடுவே கம்பைலர் விடும் காலி இடத்தில் என்ன குப்பை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஹாஷ் ஒன்றாக இருந்தால் கீயும் ஒன்றுதான் என்று நம்பி ஒப்பிடாமல் விடுகிறவர்களும் உண்டு. 32 பிட் ஹாஷில் சுமார் 77,000 கீ சேர்ந்தாலே ஏதோ இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. 64 பிட்டில் அதே வாய்ப்புக்கு 500 கோடி கீ வேண்டும், அப்படியும் ஒப்பிடுங்கள்.

ஒரே ஹாஷை இரண்டு அடுக்கில் பயன்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத தவறு. 16 ஃபைலாகப் பிரிக்க ஹாஷின் கடைசி 4 பிட்டை எடுக்கிறீர்கள், அப்புறம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் 1,024 பக்கெட்டுக்கு அதே ஹாஷின் கடைசி 10 பிட். ஒரு ஃபைலுக்குள் வந்த கீ எல்லாவற்றுக்கும் கடைசி 4 பிட் ஒன்றுதானே, அதனால் 64 பக்கெட் மட்டும் நிரம்பும், மீதி 960 காலி. கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திரும்பிவிட்ட தண்ணீரை நீடாமங்கலத்தில் நிறுத்தி, காவிரியா வெண்ணாறா என்று மறுபடி கேட்கிற கதை. மேல் பிட்டிலிருந்து எடுங்கள், அல்லது வேறு சீட் (தொடக்க எண்) கொடுத்து இன்னொரு ஹாஷ் எடுங்கள். பிரிக்கும்போது ஜாவாவில் மைனஸ் வந்துவிடாமல் இருக்க ஆப்ஸ் (மைனஸை நீக்கும் ஃபங்ஷன்) போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், மைனஸ் 2147483648-க்கு ஆப்ஸ் போட்டாலும் மைனஸாகவேதான் வரும்.

எந்த வேலைக்கு எது என்பதில் நான் கறார். ஃபைல் கெட்டுப்போனதா என்று பார்க்க சிஆர்சி32சி. பக்கெட்டுக்கும் ப்ளூம் ஃபில்டருக்கும் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் அல்லது மர்மர். வெளியாள் கீ அனுப்பும் இடத்தில், மெமரிக்குள் மட்டும், ரகசிய சீட் கொடுத்த சிப்ஹாஷ். யாரோ வேண்டுமென்றே ஃபைலைத் திருத்தினார்களா என்ற கேள்விக்குச் சிஆர்சியால் பதில் சொல்ல முடியாது, அதற்கு ரகசியக் கீ சேர்த்த எச்மேக் வேண்டும். பாஸ்வேர்டு இந்தப் பேச்சிலேயே வராது, அதற்கென்று ஆர்கான்2 இருக்கிறது.

எந்த ஹாஷ், எந்தப் பதிப்பு, என்ன சீட் என்பதை ஃபைல் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் பழைய ஃபைலைப் பழைய ஹாஷில் படிக்கலாம். டெஸ்டில் விடைகளை எண்ணாகவே பதித்து வையுங்கள். எஃப்என்வி-1ஏ என்ற ஹாஷின் 32 பிட் வடிவம் என்றால் காலி ஸ்டிரிங்குக்கு 2166136261 வர வேண்டும், வராவிட்டால் மேலே போகவே வேண்டாம். அப்புறம் ஒற்றை எழுத்து, சீர்காழி, மன்னார்குடி, இரண்டு வகைக் கும்பகோணம். ஆர்ம் மெஷின் கையில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலரிலும் சாரைக் குறியுள்ளதாகவோ குறியற்றதாகவோ ஆக்க ஆப்ஷன் இருக்கிறது, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகவும் கம்பைல் செய்து இதே டெஸ்டை ஓட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.