சானல் கரையும் கடற்கரையும்: குமரி மாவட்டத்தை நான்கு நாளில் சைக்கிளில் சுற்ற

நாகர்கோவில்–களியக்காவிளை நெடுஞ்சாலையில் மட்டும் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர், குமரி மாவட்டம் சைக்கிள் பயணத்துக்கு ஆகாது என்றுதான் சொல்வார். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடும் கடையும் வண்டியும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆனால் இதே மாவட்டத்தில் மலையடியிலிருந்து வயல்வரை நீர் கொண்டுபோகும் சானல்கள் ஏராளம். அவற்றின் கரைகள், குளத்தங்கரைகள், இரண்டையும் இணைக்கும் பஞ்சாயத்துச் சாலைகள் ஆகியவற்றைக் கோத்தால், நெடுஞ்சாலையைச் சில இடங்களில் குறுக்கே கடப்பதைத் தவிர அதன் பக்கமே போகாமல் மாவட்டத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

சானல் கரையைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நிலம் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். தார்ச்சாலை அந்த மேடுகளில் நேராக ஏறி நேராக இறங்கும். கியர் உள்ள சைக்கிளுக்கே மூச்சு வாங்கும் ஏற்றங்கள் அவை. சானலோ நீர் தானாக ஓடுவதற்காக மலைச்சரிவின் மட்டத்தைப் பிடித்து வளைந்து வளைந்து போகிறது. தொலைவு கூடும், ஏற்றம் இருக்காது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. அதையும் பெருஞ்சாணி அணையையும் நம்பி ஓடும் தோவாளை சானல், அனந்தனாறு சானல், பாண்டியன்கால், பட்டணங்கால், பத்மநாபபுரம் புத்தனாறு ஆகிய பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது ஊர்ப் பெயரைவிட இவை உதவும்.

எல்லாக் கரையும் ஓட்டத்தக்கதல்ல. சில இடத்தில் காங்கிரீட், சில இடத்தில் சரல் மண், சில இடத்தில் ஒற்றையடிப் பாதை. வரைபடச் செயலியின் செயற்கைக்கோள் படத்தில் நீரை ஒட்டி வெளிறிய கோடு தெரிந்தால் பெரும்பாலும் ஓட்டலாம். உறுதி செய்ய, எதிரே வருபவரிடம் "சைக்கிள் போகுமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் போகும் என்றே சொல்வார்கள். "ஆட்டோ போகுமா?" என்று கேளுங்கள். போகும் என்றால் நல்ல பாதை. "பைக்தான் போகும்" என்றால் மெதுவாகப் போகலாம். "நடந்துதான் போகணும்" என்றால் அடுத்த பாலத்தில் தார்ச்சாலைக்கு மாறிவிடுங்கள்.

எப்போது போவது

இந்த மாவட்டத்துக்கு மழை இருமுறை: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம். டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை போவதே நல்லது. சானலில் நீர் ஓடும், வயல் பச்சையாக இருக்கும், காலை வெயில் பொறுக்கும். மார்ச்சுக்குப் பின் புழுக்கம் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மிகக் கடுமை. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். அந்த மாதங்களில் தோவாளைப் பக்கம் மேற்கு நோக்கி ஓட்டினால் சமதரையிலும் நடக்கும் வேகம்தான் கிடைக்கும். கீழே சொல்லும் பாதை வடக்கே மலையோரம் மேற்காகப் போய், தெற்கே கடலோரம் கிழக்காகத் திரும்புகிறது. மேற்குக் காற்று வீசும் நாளில் திறந்த கடற்கரையில் முதுகுக்காற்று கிடைப்பதற்காகவே இந்த வரிசை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டு பத்தரைக்குள் அன்றைய மிதியில் முக்கால் பங்கை முடித்துவிடுங்கள். எட்டிலிருந்து ஒன்பதரை வரையிலும் மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரையிலும் பள்ளி வண்டிகள் சிறு சாலைகளையும் நிறைக்கும். அந்த நேரங்களில் சானல் கரையில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

சைக்கிள்

கியர் சைக்கிள் என்றால் மிகக் குறைந்த கியர் ஒன்றுக்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முன்னே 32 பல், பின்னே 34 பல் போதும். சாதாரண பெரிய சைக்கிளிலும் இந்தச் சுற்றைப் போகலாம், ஒரு மாற்றம் செய்தால். வழக்கமாக முன்னே 44 பல், பின்னே 18 பல் இருக்கும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும் பளு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பல் கூடுவதால் செயின் பற்றாது. பின் சக்கரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், இழுவை போதாவிட்டால் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும்.

டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம். எழுபது கிலோ ஆளுக்கு 38 மி.மீ. டயரில் பின்னே 50 பி.எஸ்.ஐ., முன்னே 45 பி.எஸ்.ஐ. காற்று, சரல் மண் கரையில் இரண்டிலும் ஐந்து குறையுங்கள். மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம், மதகுக் கல்லின் விளிம்பில் மோதியதும் ட்யூப் இரட்டைப் பொத்தலாகும்.

சுமை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. மதகுகளிலும் கரை உடைந்த இடங்களிலும் சைக்கிளைத் தூக்கிக் கடக்க வேண்டிவரும். இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டு, பம்பு, செயின் திறப்பான், ஒரு ஜோடி பிரேக் கட்டை, எண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ், இரண்டு லிட்டர் தண்ணீர். ஆண்கள் ஒரு வேட்டி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம், திருவட்டாறு கோயில்களில் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அரைக்கால் சட்டையோடு போவது முறையல்ல.

முதல் நாள்: கன்னியாகுமரி – நாகர்கோவில்

லீபுரம் வழியாக வட்டக்கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் படைத்தலைவர் டிலனாய் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை. ஒரு பக்கச் சுவர் கடலைத் தொடும். அங்கிருந்து அஞ்சுகிராமம், மயிலாடி, தேரூர். மயிலாடி சிற்பக் கூடங்களின் ஊர், தேரூர் கவிமணி பிறந்த ஊர். வழியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான மருந்துவாழ்மலை தெரியும். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டவை. காலையில் போனால் பறவை பார்க்கலாம். தாணுமாலயன் கோயில் நடை நண்பகலில் சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும் என்பதால் பதினொன்றுக்குள் சுசீந்திரம் சேருங்கள். இரவு நாகர்கோவில்.

இரண்டாம் நாள்: மலையோரம்

புத்தேரி, பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம், சுருளகோடு, பெருஞ்சாணி, குலசேகரம். இந்தச் சுற்றிலேயே அழகான நாள் இதுதான், அவசரப்படாதீர்கள். திட்டுவிளை வரை வயல், அதன்பின் ரப்பர். காலையில் எதிரே வருவது பெரும்பாலும் பால்வெட்டும் தொழிலாளிகளின் பைக்குகள். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிரும். காய்ந்த சருகு சாலையை மூடிக் கிடக்கும்போது அடியில் உள்ள குழியும் சரலும் தெரியாது, இறக்கத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். மழைக்குப் பின் நிழலான வளைவுகளில் பாசி இருக்கும். அங்கே சைக்கிளைச் சாய்க்காமல் திருப்புங்கள்.

குலசேகரத்திலிருந்து திருநந்திக்கரை. பாறையைக் குடைந்த கோயில். சுவரில் பழைய ஓவியங்களின் எச்சம் இருக்கிறது, தொட வேண்டாம். பின்பு திற்பரப்பு அருவியும் மகாதேவர் கோயிலும். தங்க இடம் திற்பரப்பிலோ குலசேகரத்திலோ. சிவராத்திரியை ஒட்டி வராதீர்கள்: திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களுக்கு நடக்கும் சிவாலய ஓட்டம் இதே சாலைகளில்தான், பக்தர்களும் வண்டிகளும் நிறைந்திருக்கும்.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கமும், கீரிப்பாறைக்கு மேலே காளிகேசம் பக்கமும் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் உள்ள காடு. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானைக்கு நாம் வருவது தெரியாது, அதுவே ஆபத்து.

மூன்றாம் நாள்: தொலைவு குறைவு, ஏற்றம் அதிகம்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைக் காலையிலேயே பார்த்துவிட்டு மாத்தூர் தொட்டிப்பாலம். பட்டணங்கால் நீரைப் பறளியாற்றின் மேல் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கடத்தும் இந்தப் பாலம் நூறு அடிக்கு மேல் உயரமானது. நடைபாதை குறுகல், சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடங்கள். மேலிருந்து பார்த்தால் சானல் கரை ஏன் சமமாக இருக்கிறது என்பது கண்ணுக்கே விளங்கும்.

பிறகு சிதறால் மலை. ஒன்பதாம் நூற்றாண்டில் சமணப் பள்ளியாக இருந்த இடம்; பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் கல்வெட்டு. பிற்காலத்தில் பகவதி கோயிலானது. அடிவாரத்திலிருந்து கல் பாவிய ஏறுபாதையில் நடந்துதான் போக வேண்டும், மேலே கடை இல்லை; தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். சிதறாலிலிருந்து தக்கலை வரும் பாதையில் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிய டாரஸ் லாரி கண்ணில் பட்டால் அந்தச் சாலையை விட்டு அடுத்த சிறு சாலைக்குத் திரும்பிவிடுங்கள். ஒன்று வந்தால் பின்னாலேயே வரிசையாக வரும். இரவு தக்கலை.

நான்காம் நாள்: அரண்மனையும் கடலும்

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்த நாள் திங்களில் விழாதபடி பயணத்தைத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்குமுன் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிடலாம். டிலனாய் 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானவர்; அவர் கல்லறை இந்தக் கோட்டைக்குள்தான். அரண்மனைக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

அதன்பின் குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம், மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி. இங்கே வெயிலுக்கு ஒதுங்க நிழல் குறைவு. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தைப் பாலத்தில் கடக்க வேண்டும். கடலரிப்பால் சாலை உடைந்த இடத்தில் மணல் மேவிக் கிடக்கும். மிதிப்பதை நிறுத்தாமல், ஹேண்டிலை இறுக்காமல் கடந்துவிடுங்கள். ஞாயிறு காலை பூசை முடியும் நேரத்தில் கடலோர ஊர்களில் சாலை முழுக்க ஆட்கள். இறங்கி உருட்டுவதே மரியாதை.

என்ன கெடும், ஏன்

கடலோர நாள் முடிந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்தால் ஓர் இரவிலேயே செயினில் துரு பூக்கும். மணல் ஒட்டிய செயின் பல்லைத் தின்னும். ரிம் பிரேக்கில் மணல் புகுந்தால் கட்டை வேகமாகத் தேயும், பல் தேய்க்கும் பிரஷ் அதற்குத்தான். கிழக்கே உடைமுள் உள்ள இடங்களில் பஞ்சர் ஆனால், புது ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுங்கள். இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி பஞ்சர். மழையில் களிமண் கரையில் ஏறாதீர்கள், மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

சானல் படித்துறையில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். தொலைவிலேயே மணி அடியுங்கள், படம் எடுக்காதீர்கள், கூட்டம் இருந்தால் மறுகரைக்கு மாறுங்கள். இருட்டியபின் கரையில் பாம்பு இருக்கும், கைப்பிடிச் சுவர் இருக்காது. மாலை ஆறுக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. புட்டும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும், மட்டி வாழைப்பழம், உப்பு போட்ட போஞ்சி (எலுமிச்சைச் சாறு), பருவத்தில் அக்கானி (பதநீர்). வியர்வை அதிகம் என்பதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் மாலையில் கால் பிடித்துக்கொள்ளும், உப்பு சேருங்கள்.

வெளியூரிலிருந்து ரயிலில் சைக்கிள் கொண்டுவருவதானால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, நாகர்கோவில் சந்திப்பு அல்லது கன்னியாகுமரிக்கு மட்டும் அனுப்புங்கள். இரணியல், குழித்துறையில் வண்டி சிறிது நேரமே நிற்கும். ஏற்றுமுன் பெடல், பம்பு, விளக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். பின்கியரைப் பெரிய பல்லுக்கு மாற்றினால், செயினைப் பல் மாற்றும் டிரெய்லியர் உள்பக்கம் ஒதுங்கும், மற்றப் பார்சல் இடித்து வளையாது.