விவாகரத்துக்குப் பிறகு ஆலயத்தில் மறுமணம்: கொழும்பில் எங்கிருந்து தொடங்குவது?

விவாகரத்தானதும் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடும் கிறிஸ்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படி விலகத் தேவையில்லை. மறுமணம் பற்றி யோசிப்பவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: சட்டம் வேறு, சபை வேறு

புதுக்கடை நீதிமன்றத்தில் கிடைப்பது சட்டப்படியான விவாகரத்து மட்டும்தான். 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம் மூன்று காரணங்களையே ஏற்கிறது: விபசாரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. முதல் தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறைந்தது 3 மாதம் கழிந்த பிறகே அது முற்றாக்கப்படும். அதற்கு முன் மறுமணப் பதிவு கிடையாது.

படி 2: கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடம் போங்கள்

“தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்” (மத்தேயு 19:6) என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் அங்கே செல்லாது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: விவாகரத்து பெற்று, மறுமணம் செய்யாமல் இருப்பவரை அந்த விவாகரத்துக்காக யாரும் நற்கருணையிலிருந்து விலக்க முடியாது. இது தெரியாமலே எத்தனையோ பெண்கள் கடைசி வாங்கில் அழுதுகொண்டு இருக்கிறார்கள்.

திருமணம் செல்லுமா என்று விசாரிக்கும் திருச்சபையின் சொந்த நீதிமன்றம் கேட்பது ஒரே கேள்வி: திருமண நாளில் உண்மையான திருமணப் பிணைப்பு உண்டானதா? வீட்டாரின் கட்டாயத்தில் கழுத்தை நீட்டியிருந்தாலோ, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே மனைவி இருந்தாலோ, பிள்ளையே வேண்டாம் என்ற முடிவை ஒருவர் மறைத்திருந்தாலோ அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்க வாய்ப்புண்டு. முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றினார். மேன்முறையீடு இல்லாவிட்டால் ஒரு தீர்ப்பே போதும்.

திருச்சபையின் அனுமதி இல்லாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்த கத்தோலிக்கருக்கு வழி இன்னும் சுலபம், பெரும்பாலும் ஆவணங்களே போதும். பிள்ளைகளைப் பற்றிப் பயப்படாதீர்கள். திருமணம் செல்லாது என்று அறிவித்தாலும் அவர்கள் முறையான பிள்ளைகளே.

படி 3: திருச்சபை நீதிமன்றத்துக்குச் சாட்சிகளைத் தேடுங்கள்

இப்போதைய சண்டையைப் பார்த்தவர்களை விட, திருமணத்துக்கு முன்னும் அந்த நாட்களிலும் உங்களை அறிந்தவர்களே முக்கியம். பெரியம்மா, அறைத் தோழி, யாராயிருந்தாலும் சரி. ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நீதிமன்றத் தீர்ப்பு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

படி 4: மற்றச் சபைகள்

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளிலும் சுயாதீன சபைகளிலும் நடைமுறை ஒன்றல்ல. மத்தேயு 19:9, 1 கொரிந்தியர் 7:15 ஆகிய வசனங்களை வைத்து, துரோகத்துக்கும் கைவிடப்பட்டதற்கும் மறுமணத்தை ஏற்பவர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. போதகரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய திருமணத்தை மறைத்துத் திகதி குறிப்பது புதிய துணைக்குச் செய்யும் அநியாயம்.

படி 5: மணமகன் ஊழியர் (குரு, போதகர் போன்றவர்) என்றால்

இலத்தீன் முறைக் கத்தோலிக்கக் குருக்கள் பொதுவாக மணமாகாதவர்கள். மணமானவர் நிரந்தரத் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) ஆகலாம், ஆனால் மனைவி இறந்தால் வழக்கமாக மறுமணம் இல்லை. மற்றச் சபைகளில் “ஒரே மனைவியையுடைய புருஷன்” (1 தீமோத்தேயு 3:2) என்ற வசனம் பலதார மணத்தைத்தான் தடுக்கிறது என்பார்கள் சிலர். மறுமணம் செய்தவர் ஊழியத்தில் இருக்கக்கூடாது என்பார்கள் வேறு சிலர். கைவிடப்பட்ட ஒரு போதகரையும் குற்றவாளியாக நிறுத்துவது சரியில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் அவர் தன் சபைத் தலைமையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டும்.