ஓய்ந்திருக்கும் சர்வரை ஏலத்தில் எடுப்பது எப்படி: மேகக் கணிமையின் சந்தைக் கணக்கைத் தாளில் போட்டுப் பழகுதல்

மேகக் கணிமையில் சர்வர்களை வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் நிலையான விலைப்பட்டியலைப் பார்த்தே பழகியிருப்பார்கள். ஆனால் எந்தத் தரவு மையத்திலும், கூட்டம் மிகுந்த நாட்களைத் தாங்குவதற்காக வாங்கி வைக்கப்பட்டு, மற்ற நாட்களில் வேலையின்றி ஓய்ந்திருக்கும் சர்வர்கள் உண்டு. அவற்றை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதைக் கேட்பவர்களின் போட்டியைக் கொண்டே முடிவு செய்யும் முறையைத்தான் இங்கே கற்கப் போகிறோம். அமேசான் நிறுவனம் 2009 டிசம்பரில் தொடங்கி, 2017-இன் இறுதிவரை ஏல முறையில் நடத்திய ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் திட்டம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. பட்டியல் விலையைவிட 90 சதவீதம் வரை குறைவாகக் கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவிக்கிறது. அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது, அதற்கு ஈடாக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கே அதை அச்சமின்றிப் பயன்படுத்த முடியும் என்பது என் உறுதியான எண்ணம். நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

இந்த எண்ணம் மேகக் கணிமையைவிட மிகவும் பழையது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பிடிபி-1 கணினியின் நேரத்தை ஆய்வாளர்கள் ஏலம் கேட்டுப் பங்கிட்டுக்கொண்ட முறையை கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லேண்ட் 1968-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அங்கே புழங்கியது உண்மையான பணமன்று. 'யென்' என்று அவர்களே பெயரிட்டுக்கொண்ட ஓர் உள்நாணயம். வேலையின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் யென் ஒதுக்கப்பட்டது. ஒரு நேரத்துக்கு ஒருவர் கேட்டிருந்த தொகையைவிட அதிகமாக மற்றொருவர் கேட்டால், அந்த நேரம் அவருக்குப் போகும். பயன்படுத்தி முடித்த நேரத்துக்கான யென் மீண்டும் உரியவரிடமே திரும்பி வந்துவிடும். ஒரே சர்வரைப் பல மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் கல்லூரித் துறை எதுவும் இந்த முறையை இன்றைக்கும் அப்படியே கடைப்பிடிக்கலாம்.

படி 1: கேட்பவர்களைத் தாளில் எழுதுங்கள்

ஒரு நிறுவனத்திடம் இந்த மணி நேரத்தில் 10 சர்வர்கள் ஓய்வாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே வகை. பட்டியல் விலை மணிக்கு 10 ரூபாய். ஆறு பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கு எத்தனை சர்வர் வேண்டும், ஒரு சர்வருக்கு மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்ற இரண்டு எண்களை மட்டும் மூடிய உறையில் தருகிறார்கள்.

அ: 4 சர்வர், 9 ரூபாய்
ஆ: 3 சர்வர், 7 ரூபாய்
இ: 2 சர்வர், 6 ரூபாய்
ஈ: 2 சர்வர், 5 ரூபாய்
உ: 4 சர்வர், 3 ரூபாய்
ஊ: 2 சர்வர், 2 ரூபாய்

'அ' நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய அசைபடத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். 'ஊ' பழைய புகைப்படங்களின் அளவைக் குறைக்கிறார். இந்த வாரத்துக்குள் முடிந்தால் போதும். வேலையின் அவசரம் இப்படி விலையாக வெளிப்படுகிறது என்பதே சந்தை முறையின் அடிப்படை. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று வரிசை வைத்திருந்தால், முன்னதாக எழுந்து வந்த 'ஊ' இரண்டு சர்வர்களை எடுத்துக்கொண்டிருப்பார்.

படி 2: உயர்ந்த விலையிலிருந்து பங்கிடுங்கள்

பட்டியலின் மேலிருந்து கீழாக வாருங்கள். அ-வுக்கு 4, ஆ-வுக்கு 3, இ-க்கு 2 கொடுத்ததும் 9 சர்வர்கள் தீர்ந்துவிடும். மிஞ்சிய ஒன்று ஈ-க்குப் போகும். அவர் கேட்ட இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உ-வுக்கும் ஊ-வுக்கும் எதுவும் இல்லை. ஒரு சர்வரை மட்டும் வைத்துக்கொண்டு ஈ-யால் வேலை செய்ய முடியாது என்றால், 'முழுவதும் கிடைத்தால் மட்டும் கொடு' என்று அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிபந்தனையைப் பலர் வைக்கும்போது பங்கீடு கடினமான கணக்காகிவிடும் என்பதால், இங்கே அதைச் சேர்க்கவில்லை.

படி 3: எல்லோருக்கும் ஒரே விலை

அவரவர் கேட்ட விலையையே வசூலித்தால் 36, 21, 12, 5 என்று மொத்தம் 74 ரூபாய் வரும். ஆனால் அடுத்த முறை அ 9 ரூபாய் கேட்கவே மாட்டார். 5 ரூபாய்க்கும் கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் அடுத்தவர் என்ன கேட்பார் என்று ஊகிப்பதிலேயே நேரத்தைச் செலவிடத் தொடங்குவார்கள். அதனால் ஸ்பாட் திட்டத்தில் வேறு விதி வைக்கப்பட்டது: சர்வர் கிடைத்தவர்களில் மிகக் குறைவாகக் கேட்டவரின் விலையே அனைவருக்குமான விலை. நம் தாளில் அது 5 ரூபாய். மொத்த வருமானம் 50 ரூபாய். 9 ரூபாய் கேட்ட அ-வும் 5 ரூபாயே செலுத்துகிறார். தாம் சொன்ன 9 என்பது 'இதற்கு மேல் போனால் எனக்கு வேண்டாம்' என்ற எல்லையே தவிர, கட்டப்போகும் கட்டணம் அன்று. தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், இந்தப் படியை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

படி 4: அடுத்த மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள்

இப்போது பட்டியல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வந்து 3 சர்வர்களைக் கேட்கிறார். முன்னுரிமை அவருக்கே. ஏலத்துக்கு எஞ்சுவது 7 சர்வர்கள்தான். அ-வின் 4, ஆ-வின் 3 ஆகியவற்றோடு முடிந்துவிட்டது. விலை 7 ரூபாயாக உயர்கிறது. இ-யின் இரண்டு சர்வர்களும் ஈ-யின் ஒன்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பறிக்கப்படுகின்றன.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். அ எதையும் மாற்றவில்லை. ஆனால் அவருடைய மணிக் கட்டணம் 20 ரூபாயிலிருந்து 28 ரூபாயாகிவிட்டது. இ-யும் ஈ-யும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அவர்களின் வேலை பாதியில் நின்றுவிட்டது. விலையின் ஏற்ற இறக்கம், இடைநடுவே பறிபோகும் வாய்ப்பு ஆகிய இரண்டும்தான் தள்ளுபடிக்கு ஈடாக நாம் ஏற்றுக்கொள்பவை. அன்றைய விதியின்படி நிறுவனமே பறித்துக்கொண்டால், முடியாமல் போன அந்த மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பயனர் தாமே நிறுத்தினால் முழு மணி நேரத்துக்கும் கட்டணம் உண்டு.

பறிபோவதைத் தவிர்க்க, 'நான் 100 ரூபாய் என்று எழுதிவிடுகிறேன், எப்படியும் குறைந்த விலைதானே கட்டப்போகிறேன்' என்று ஈ நினைத்தால் என்ன ஆகும்? ஈ-க்கு 2, அ-வுக்கு 4, ஆ-வுக்கு 1. விலை 7 ரூபாய். ஈ-யின் தந்திரம் பலித்துவிட்டது. இதைப் பார்த்து ஆ 50 என்றும் அ 80 என்றும் எழுதுகிறார்கள். ஈ-க்கு 2, அ-வுக்கு 4, ஆ-வுக்கு 1 என்று பங்கீடு மாறவே இல்லை. விலை மட்டும் 50 ரூபாயாகிவிட்டது. பட்டியலில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் சர்வர் அது. ஏல முறை நடந்த ஆண்டுகளில் ஸ்பாட் விலை சில வேளைகளில் பட்டியல் விலையைத் தாண்டிப் பாய்ந்ததற்கு ஒரு காரணம், எல்லையை இப்படி உயர்த்தி எழுதியதுதான்.

படி 5: விதியை மாற்றி, உண்மை பேசுவது யாருக்கு லாபம் என்று பாருங்கள்

7 சர்வர்கள் இருந்த, எல்லோரும் முதலில் சொன்ன விலையையே கேட்ட மணி நேரத்துக்குத் திரும்புவோம். விலை 7 ரூபாய். அதை நிர்ணயித்தவர் ஆ. அடுத்து நிற்கும் இ கேட்டது 6 என்று தெரிந்திருந்தால், ஆ 6 ரூபாய் 10 காசு என்று எழுதியே தப்பித்திருப்பார். இந்த ஆசையைக் குறைக்க, தோற்றவர்களில் மிக அதிகமாகக் கேட்டவரின் விலையை அனைவருக்கும் விதிக்கலாம். இங்கே அது 6 ரூபாய். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சர்வர் கேட்கும் ஏலத்தில், இந்த விதியின் கீழ் தம் உண்மையான மதிப்பை எழுதுவதைவிட வேறெதுவும் ஒருவருக்கு அதிக லாபம் தராது. இந்தச் சிந்தனைக்கு வேர், பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஆய்வு. அவருக்கு 1996-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

பல சர்வர்கள் கேட்பவர்களிடம் இந்த விதி அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. 10 சர்வர்கள் இருந்த முதல் மணி நேரத்தை இதே விதியோடு போடுங்கள். ஈ கேட்ட இரண்டாவது சர்வர் கிடைக்காமல் போனதால், தோற்றதில் உயர்ந்த விலை 5. அ-வின் லாபம் 9-இல் 5 போக 4. நான்கு சர்வர்களுக்கு 16 ரூபாய். இப்போது அ தம் தேவையைக் குறைத்து 3 சர்வர் மட்டும் கேட்கிறார் என்று கொள்ளுங்கள். ஈ-க்கு இரண்டும் கிடைத்துவிடும். தோற்றவர்களில் முதலில் நிற்பவர் 3 ரூபாய் கேட்ட உ. அ-வின் லாபம் 6 பெருக்கல் 3, அதாவது 18 ரூபாய். தேவையை மறைத்ததால் இரண்டு ரூபாய் கூடுதல் லாபம்! பெரிய வாடிக்கையாளர்கள் உள்ள சந்தையில் விதிகளை வகுப்பது ஏன் கடினம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

படி 6: குறைந்தபட்ச விலை

நள்ளிரவில் 20 சர்வர்கள் ஓய்வாக இருந்தால், ஆறு பேரும் கேட்ட 17-ஐயும் கொடுத்துவிடலாம். வென்றவர்களில் குறைந்த விலை என்ற முதல் விதிப்படி விலை 2 ரூபாய். தோற்றவர்களில் உயர்ந்த விலை என்ற இரண்டாவது விதிப்படி, தோற்றவரே இல்லாததால் சுழியம். மின்சாரச் செலவுகூடத் தேறாது. ஆகவே விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை வைத்தே ஆக வேண்டும். அதை 3 ரூபாய் என்று வைத்தால் ஊ வெளியேறுகிறார். அந்த அளவை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தால், பார்ப்பவருக்குத் தெரியும் விலை உண்மையில் போட்டியால் வந்ததா என்பதே கேள்வியாகிவிடும். இஸ்ரேலின் டெக்னியன் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் ஸ்பாட் விலை வரலாற்றை ஆராய்ந்து, அவ்விலைகள் பெரும்பாலான நேரம் வாடிக்கையாளர்களின் போட்டியால் அமைந்தவையாகத் தெரியவில்லை என்றும், மறைவான, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குறைந்தபட்ச விலையிலிருந்து வந்திருக்கலாம் என்றும் வாதிட்டார்கள்.

படி 7: இன்றைய விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

2017-இன் இறுதியில் அமேசான் இந்த முறையை மாற்றியது. இன்று ஏலம் கேட்க வேண்டியதில்லை. நீண்ட கால இருப்பையும் தேவையையும் பார்த்து நிறுவனமே விலையை மெதுவாக ஏற்றி இறக்குகிறது. விரும்பினால் அதிகபட்ச விலை ஒன்றைக் குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் பட்டியல் விலையே எல்லையாகக் கொள்ளப்படும். திடீர் விலைப் பாய்ச்சல்கள் நின்றன, அது நல்லதுதான். ஆனால் தட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. முன்பு அது விலையில் தெரிந்தது. இன்று சர்வர் பறிபோவதில் மட்டும் தெரிகிறது. ஆகையால் விலையை மட்டும் பார்த்து வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு வகை சர்வரும் எவ்வளவு அடிக்கடி பறிக்கப்படுகிறது என்பதை 5 சதவீதத்துக்குக் கீழ், 5 முதல் 10 சதவீதம் என்ற படிநிலைகளில் காட்டும் ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் அட்வைசர் பக்கத்தையும் சேர்த்தே பாருங்கள்.

படி 8: பறிபோவதன் விலையைக் கணக்கிடுங்கள்

12 மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. பட்டியல் விலை 10 ரூபாய் என்றால் 120 ரூபாய் ஆகும். ஸ்பாட் விலை 3 ரூபாய் என்று கொள்வோம். இடையில் எதையும் சேமிக்காமல் ஓடவிட்டு, 11-ஆவது மணி நேரத்தின் முடிவில் சர்வர் பறிபோனால், வீணான 33 ரூபாயோடு மீண்டும் முதலிலிருந்து ஓடும் 36 ரூபாயும் சேர்ந்து 69 ரூபாய். அப்போதும் பணம் மிச்சம்தான். ஆனால் வேலை முடிய 23 மணி நேரம் ஆகிவிட்டது. ஆக, ஸ்பாட் சர்வரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு மிச்சம்' என்பதன்று. 'எப்போது முடிந்தாக வேண்டும்' என்பதே.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போது நிலையான சேமிப்பகத்தில் எழுதி வைப்பதைச் செக்பாயின்ட் என்பார்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது என்பதற்கு ஜான் யங் 1974-இல் தந்த எளிய சூத்திரம் உண்டு: ஒருமுறை எழுத ஆகும் நேரத்தையும் இரண்டு பறிப்புகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். எழுத 1 நிமிடம், பறிப்பு சராசரியாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது 480 நிமிடம் என்றால், 960-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31 நிமிடம். அரை மணிக்கு ஒருமுறை எழுதினால், பறிபோகும்போது இழப்பது அதிகபட்சம் அரை மணி நேர உழைப்பே.

படி 9: சர்வரை எடுங்கள்

அமேசானின் கன்சோல் என்ற இணைய நிர்வாகத் தளத்தில் புதிய சர்வரைத் தொடங்கும் பக்கத்தில், மேம்பட்ட விவரங்கள் பகுதியைத் திறந்தால், வாங்கும் முறை என்ற இடத்தில் ஸ்பாட் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதிகபட்ச விலையைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அதைக் குறைத்து எழுதினால் மிச்சமாவதைவிடப் பறிபோவதே அதிகம். ஒவ்வொரு சர்வர் வகையும் ஒவ்வொரு மண்டலத்திலும் (தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதியிலும்) தனித்தனிச் சந்தை என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் தேவைப்படும்போது பல வகைகளையும் பல மண்டலங்களையும் கலந்து கேளுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பறிபோகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தரவுத்தளம் போன்று ஒரு நொடியும் நிற்கக் கூடாத வேலையை இங்கே வைக்காதீர்கள். சர்வரைத் திரும்ப எடுப்பதற்கு முன் அமேசான் 2 நிமிட அறிவிப்பும், கூகுளும் மைக்ரோசாஃப்டின் அஷூரும் ஏறத்தாழ 30 நொடி அறிவிப்பும் தருகின்றன. உங்கள் செக்பாயின்ட்டை எழுதி முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகுமானால், அறிவிப்பை நம்பிக் காத்திருக்காமல் யங் சூத்திரம் தந்த இடைவெளியிலேயே எழுதிக்கொண்டிருங்கள். உண்மையான வேலையை ஒப்படைப்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நீங்களே ஒருமுறை நிறுத்தி, வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.