ஆய்வுக் கட்டுரைகளின் தாக்கத்தைக் கணக்கெடுப்பது எப்படி: பெங்களூரு மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் சமூக மருத்துவத்திலும் குடும்ப மருத்துவத்திலும் பணியாற்றும் நம்மவர்கள் பலர், பதவி உயர்வுக்கோ ஆய்வு நிதிக்கோ விண்ணப்பிக்கும் வாரத்தில்தான் தங்கள் கட்டுரைகளை எண்ணிப் பார்க்க உட்காருகிறார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களில் ஓர் ஆய்வின் பலன் வெளியே தெரிய ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இந்தக் கணக்கை முன்கூட்டியே தொடங்கி, ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பித்து வைப்பது நல்லது.

தமிழர்களுக்கு முதல் வேலை பெயரைச் சரிசெய்வதுதான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து சில கட்டுரைகளில் முன்னால் நிற்கும், சிலவற்றில் பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பியவற்றில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும். என் கட்டுரைகளில் ஏழு, என் அப்பாவே எழுதியவை போல அவர் பெயரில் தனியாகக் கிடந்ததை, ஸ்கோபஸ் என்னும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடியபோதுதான் கண்டேன். ஆய்வாளர்களை அடையாளப்படுத்த 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் தளத்தில் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெற்று, உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் அதில் பதிந்துவிட்டு, பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி ஸ்கோபஸுக்கு விண்ணப்பியுங்கள். கூகுள் ஸ்காலரில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. பெயர் ஒத்துப்போனால் பிறருடைய கட்டுரைகளும் உங்கள் கணக்கில் வந்து சேரும் என்பதால், தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து ஏற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்கள். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த ஹெச்-இண்டெக்ஸைக் கையாலேயே கணக்கிடலாம். உங்கள் கட்டுரைகளில் எத்தனை, குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டியவை) பெற்றிருக்கின்றன என்பதே அது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் எழுதுங்கள்: 42, 19, 11, 6, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள்கள் உள்ளன, ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே உங்கள் எண் 5. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே இந்த எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்த எண் என்பதைக் குறிப்பிடாமல் அதை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். உங்களை நீங்களே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்த எண்ணையும் பக்கத்தில் கொடுங்கள்.

ஆய்விதழின் இம்பேக்ட் ஃபேக்டரை உங்கள் கட்டுரையின் தரமாகக் காட்டுவது தவறு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரிதான் அது. உங்கள் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆய்வுகளை மதிப்பிடும் முறை குறித்து 2012-இல் உருவான சான்ஃபிரான்சிஸ்கோ அறிக்கையும் இதையே வலியுறுத்துகிறது. அதற்குப் பதிலாக, ஐசைட் என்னும் இலவசத் தளத்தில் உங்கள் கட்டுரைக்கு மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட் தந்த எண்ணை இட்டால், அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட மேற்கோள் விகிதம் கிடைக்கும். இதய அறுவை சிகிச்சை ஆய்வாளரோடு ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வாளரை ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் அநியாயம் அதில் குறைவு.

ஆனால் நம் துறையில் உண்மையான தாக்கம் மேற்கோள்களுக்கு அப்பால்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2005-இல் சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் பாருங்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய் இருந்ததா என்ற நான்கே செய்திகள். நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். ஓர் இஞ்ச் டேப் இருந்தால் போதும், தெருவிலேயே கேட்டு முடித்துவிடலாம். இன்று ஆஷா பணியாளர்கள் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு வீடாக நிரப்பும் படிவத்திலும் இந்த நான்கும் இருக்கின்றன. இருந்தாலும், படிவம் அந்த ஆய்விலிருந்துதான் வந்தது என்பதற்கு ஒற்றுமை தெரிவது மட்டுமே சான்றாகிவிடாது. உங்கள் ஆய்வைப் பொறுத்தவரை, வழிகாட்டி நெறியிலோ பயிற்சிக் கையேட்டிலோ அதன் பெயர் அச்சாகியிருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்து, ஆண்டோடு சேமித்து வையுங்கள்.

அச்சில் வராத மாற்றத்துக்கும் ஆவணம் தேடலாம். மாத்திரை வாங்க வராமல் நின்றுபோகும் இரத்த அழுத்த நோயாளிகளைப் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு மூன்று ஆண்டுகளில் நான்கே மேற்கோள்கள் கிடைத்தன. ஆனால் அதைப் படித்த ஒரு நகர சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், வராதவர்களின் அட்டைகளைத் தனிப் பெட்டியில் நிற்கவைத்து, வாரந்தோறும் செவிலியர் தொலைபேசியில் அழைக்கும்படி செய்தார். இத்தகைய இடங்களில் பதிவேட்டிலிருந்து மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணிக்கைகளை மட்டும், நோயாளிகளின் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லாமல், உரிய அனுமதியோடு எழுதி வாங்குங்கள். மருந்து வரத்து சீரானது போன்ற வேறு காரணங்களும் இருந்தால் அவற்றையும் அதே பத்தியில் சேர்த்து, உங்கள் ஆய்வு இந்த மாற்றத்துக்கு உதவியது என்ற அளவில் எழுதுங்கள்.