உப்புக்காற்று ஊரில் பழைய பிரிட்டிஷ் கார்: இக்னிஷன் வயரிங் பழுது பார்க்கும் முறை

எம்ஜி பி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அதன் உறவான சென்னைத் தயாரிப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றில் எதுவானாலும் குளச்சல், முட்டம் பக்கம் ஷெட்டில் ஒரு மழைக்காலம் நின்றுவிட்டு ஸ்டார்ட் ஆகாவிட்டால், முதலில் காயிலை (பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜாக்கும் சுருள்) மாற்றுவார்கள், அடுத்து கன்டென்சரை (பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு பாகம்). பெரும்பாலும் குற்றம் இரண்டிலும் இருக்காது. வயர் இணைப்புகளில் பிடித்த களிம்புதான் காரணம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இடையில் உப்புக்காற்று ஓய்வதில்லை. இந்தக் கார்களின் மின்பாகங்களைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனியான லூகாஸின் வயரிங்கில் இணைப்புகள் எல்லாம் ரப்பர் ஸ்லீவுக்குள் செருகும் புல்லட் முனைகள். ஸ்லீவுக்குள் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை.

காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) சுமார் 3 ஓம். 12 வோல்ட் முழுதாக வந்தால் 4 ஆம்பியர் ஓடும். வழியில் ஒரே ஒரு புல்லட்டில் 1 ஓம் தடை சேர்ந்தால் மின்னோட்டம் 3 ஆம்பியராகும், காயிலுக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஸ்பார்க்கின் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜும் இறங்குவதால், இருக்கும் கொஞ்ச நஞ்சமும் போய்விடும். புதுக் காயில் போட்டாலும் இது மாறாது.

முதலில் எர்த்தைப் பாருங்கள். 1967 வரை வந்த எம்ஜி பி கார்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இருக்கும். பழக்கதோஷத்தில் யாராவது மாற்றி மாட்டியிருக்கலாம், அல்லது பின்னாளில் முறைப்படி நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கலாம். பாசிட்டிவ் எர்த் காரில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்துவிடும் பாகம்) போகும் வயர் காயிலின் பிளஸ்ஸிலும், நெகட்டிவ் எர்த் காரில் மைனஸிலும் இருக்க வேண்டும். தலைகீழானாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும்.

நிறங்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பிரவுன் பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வருவது, சில கார்களில் அதில் வேறு நிறக் கோடும் இருக்கும். வெள்ளை சுவிட்சிலிருந்து காயிலுக்கு. வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு. கறுப்பு எர்த். பிரவுனுக்கும் வெள்ளைக்கும் ஃபியூஸ் கிடையாது. உரசி பாடியில் பட்டால் வயர்க்கட்டு மொத்தமும் எரியும். எனவே கத்தி, கட்டர் எடுக்கும் முன் பேட்டரி எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது

மல்டிமீட்டரைக் காயிலில் வைத்து "12.4 காட்டுகிறதே, கரண்ட் நன்றாக வருகிறது" என்று முடிவுக்கு வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலின் கரண்டை விட்டு நிறுத்தும் சிறு சுவிட்ச்) திறந்திருக்கும்போது வயரில் மின்னோட்டமே இல்லை. களிம்பேறிய இணைப்பும் அப்போது முழு வோல்டேஜ் காட்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போதுதான் உண்மை தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காரை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளி, பாயிண்ட் மூடும் இடத்தில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலாக்கி, சாவியை ஆன் செய்யுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலும், மறுமுனையை வெள்ளை வயர் வரும் காயில் டெர்மினலிலும் வையுங்கள். வழியில் இழக்கும் வோல்டேஜ் நேராகத் தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால், காயில் பக்க முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: ஃபியூஸ் பெட்டியின் வெள்ளை, சுவிட்சின் வெள்ளை, சுவிட்சின் பிரவுன், சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்). எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது.

அடுத்து காயிலின் மறு டெர்மினலுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளவெடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் பாயிண்டோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு வயர்களோ காரணம். என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனில் விடாதீர்கள், காயில் கொதித்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1970-களின் பிற்பகுதியில் வந்த எம்ஜி பி, ஸ்பிட்ஃபயர் 1500 போன்றவற்றில் பேலஸ்ட் வயர் (வேண்டுமென்றே தடை வைத்த வயர்) இருக்கும். காயில் 1.5 ஓம் அளவில் இருக்கும், மீட்டர் 6 வோல்ட் அளவுக்கு இழப்பு காட்டும். அது பழுதல்ல. அந்த வயரைச் சாதாரண வயராக மாற்றினால் காயிலும் பாயிண்டும் கருகும்.

இணைப்பைப் புதுப்பிப்பது

புல்லட்டைச் சுரண்டித் துடைத்து மறுபடி செருகுவது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். வெட்டி எடுத்துவிடுங்கள். உறையை உரித்துச் செம்பைப் பாருங்கள். கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் இன்னும் உள்ளே வெட்டுங்கள். இழைகளுக்கு நடுவே ஈரம் உறைக்குள் ஏறிக்கொண்டே போகும். 5 சென்டிமீட்டர் வெட்டியும் பளபளப்பு வரவில்லை என்றால், அந்த வயரையே மாற்றுங்கள்.

வெள்ளை வயருக்குப் பதிலாகப் போடும் புது வயர் 2 சதுர மில்லிமீட்டர், 0.30 மி.மீ. இழை 28 கொண்டது போதும். வீட்டு வயரிங்குக்கு விற்பதை வாங்காதீர்கள். தடித்த இழை அதிர்வில் ஒடியும், உறை என்ஜின் சூட்டில் இளகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் களிம்பை நன்றாகத் தாங்கும். மீன்பிடிப் படகுகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் விடாதீர்கள். அதே நிறம் கிடைக்காவிட்டால் இரு முனையிலும் வெள்ளை ஸ்லீவ் மாட்டி அடையாளம் வையுங்கள். இதைச் செய்யாத கார்களில் அடுத்த பழுதுக்கு வரும் மெக்கானிக் படும் பாடு கொஞ்சமல்ல.

பித்தளை புல்லட் 4.7 மி.மீ. அளவு. ரோசின் ஃபிளக்ஸ் வைத்துச் சால்டர் செய்யுங்கள். ஆசிட் ஃபிளக்ஸ் மிச்சமிருந்து செம்பை அரிக்கும். சால்டர் வயருக்குள் அதிக தூரம் ஊறக் கூடாது, ஊறிய இடம் விறைத்து அதன் ஓரத்தில் ஒடியும். ஸ்லீவ் புதிதாகவே இருக்கட்டும். உள்ளே சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவி, 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூட்டில் பசை வழிந்து, உப்புத்தண்ணீர் உள்ளே போய்ச் சேரும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

அசையும் பிளேட்டிலிருந்து பாடிக்குப் போகும் சிறு எர்த் வயர், வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயர், இரண்டையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறை நன்றாக இருந்தும் உள்ளே இழை அற்றிருக்கலாம். தொப்பி வடிவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் உள்ள பாயிண்ட்களில் கவனம் வேண்டும். கன்டென்சர் வயரும் டெர்மினல் வயரும் பாயிண்ட் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணையும் நட்டையும் தொடக் கூடாது. மாறினால் பாயிண்ட் எப்போதும் எர்த்தாகி, ஸ்பார்க்கே வராது. இடைவெளி 0.4 மி.மீ. அதை மாற்றினால் டைமிங்கும் நகரும், மறுபடி பார்த்துவிடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வெள்ளை வயர் வரும் காயில் டெர்மினலுக்கு நேராக ஒரு வயர் போடுங்கள். வண்டி உயிர் பெற்றால் பழுது சுவிட்ச் வழியில். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது, வயரைக் கழற்றினால்தான் நிற்கும்.

வேலை முடிந்ததும் அதே அளவுகளை மறுபடி எடுத்து, பானட்டின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், அடுத்து எந்த இணைப்பு மக்கர் செய்யப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.