வேலையை விடாமல் உற்பத்திப் பொறியியல்: திருகோணமலையிலிருந்து தொடங்குவது எப்படி?

"அண்ணே, வேலையை விடாமல் எஞ்சினியரிங் படிக்க ஏலுமா?"

நானும் ஆலை வேலையோடு இதைப் படித்தவன் என்பதால், மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார். பெரும்பாலும் சீனக்குடாப் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் தம்பிமார். சிலர் டவுனில் லேத் கடையிலோ வெல்டிங் கடையிலோ நிற்பவர்கள். போன மாதம் கேட்டது கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, தையல் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. எல்லோருக்கும் போனில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

உற்பத்திப் பொறியியல் என்றால் என்ன என்று முதலில் இரண்டு வரி. இயந்திரப் பொறியியலாளர் ஒரு பொருளை வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பொருளை ஆயிரம் தடவை, ஒரே அளவில், கழிவு குறைவாக, நியாயமான செலவில் செய்து முடிப்பது எப்படி என்பதுதான் உற்பத்திப் பொறியியலாளரின் கேள்வி. கடைச்சல், வார்ப்பு, வெல்டிங், அளவீடு, தரக் கட்டுப்பாடு, ஆலையின் ஒழுங்கமைப்பு எல்லாம் இதற்குள் வரும். மா ஆலையின் பொதி கட்டும் வரிசையும், சீமெந்து ஆலையில் கிளிங்கர் என்ற சுட்ட கட்டியை அரைக்கும் இடத்துக் கன்வேயரும், புல்மோட்டையில் மணலிலிருந்து இல்மனைட் கனிமம் பிரிக்கும் வேலையும் இந்தப் படிப்புக்குத் தூரமானவை அல்ல.

படி 1: காசுக்கு முன் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

விண்ணப்பப் படிவத்தை எடுக்க முன்னரே இதைச் செய்யுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, ஆய்வுகூடம், வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, சோதனை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 50. சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். பொறியியலில் அதற்கு மேலும் போகும். 120 என்றே வைத்தாலும் 6000 மணித்தியாலம்.

இப்போது உங்கள் கிழமையை எடுங்கள். கிழமைக்கு 12 மணித்தியாலம் ஒதுக்கினால், வருடத்தில் 48 கிழமைக்கு 576 மணித்தியாலம், அதாவது 11 கிரெடிட் சொச்சம். பட்டம் முடியப் பத்து வருடத்துக்கு மேல் பிடிக்கும். 18 மணித்தியாலம் என்றால் ஏழு வருடத்துக்குக் கிட்ட. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் பார்க்காமல் போய் விழவும் வேண்டாம். முதல் வருடத்திலேயே எல்லாப் பாடத்தையும் பதிந்து, மூன்றாம் மாதம் விட்டுவிட்டுப் போன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் இரண்டு மூன்று பாடம் போதும்.

ஒரு கொப்பியில் ஏழு நாளும் என்ன செய்தீர்கள் என்று உண்மையாக எழுதுங்கள். ஷிப்ட், பயணம், கோயில், மரக்கறி வாங்கப் போனது, போன் பார்த்தது எல்லாம். மிஞ்சுவதுதான் உங்கள் படிப்பு நேரம்.

படி 2: எந்த வாசலால் உள்ளே போவது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உற்பத்தி மற்றும் கைத்தொழில் பொறியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் அங்கே பொறியியல் பட்டம் முழுநேரப் படிப்பு. உயர்தரத்தில் இசட் புள்ளி எடுத்து, வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு உரியது.

வேலையோடு படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது, தலைமையிடம் நாவல. அங்கே பொறியியல் தொழில்நுட்ப பீடம் உண்டு. இயந்திரப் பொறியியல் பக்கம் போனால் உற்பத்திப் பாடங்கள் கிடைக்கும். தையல் ஆலையில் இருப்பவர்கள் ஆடை, புடவைத் துறைப் பட்டங்களையும் பார்க்கலாம். கிண்ணியாத் தங்கச்சிக்கு அதைத்தான் சொன்னேன். கிழக்கில் அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில் இருக்கிறது.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்யாதவர்களுக்கு இன்னொரு வாசல், என்.வீ.கியூ. எனும் தேசிய வாழ்க்கைத்தொழில் தகைமை ஏணி. மட்டம் 4 சான்றிதழோடு மட்டம் 5, 6 டிப்ளோமாக்களுக்கு ஏறலாம். மட்டம் 7 பட்டம். அந்த ஏணியில் வருபவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தை அமைத்தார்கள். பல வருடம் லேத்தில் நின்றும் கையில் ஒரு சான்றிதழும் இல்லையா? முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வீ.கியூ. தரும் முறை இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

பணம் கட்ட முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா. மற்றது, பட்டயப் பொறியியலாளர் ஆகும் எண்ணம் இருந்தால், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடானதால், அந்த அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. 2017ஆம் ஆண்டுப் பொறியியல் கவுன்சில் சட்டத்தின் கீழ் பொறியியலாளர் முதல் டெக்னீஷியன் வரை வெவ்வேறு தரத்தில் பதிகிறார்கள். எந்தத் தரத்தில் பதிவார்கள் என்பது படித்த படிப்பைப் பொறுத்தது. விளம்பரப் பதாகையில் "எஞ்சினியரிங்" என்று இருந்தால் மட்டும் போதாது.

படி 3: விண்ணப்பம்

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அனுமதித் தகைமைகள் மாறும், ஆகவே அந்த வருடத்து அறிவித்தலை முழுவதுமாக வாசியுங்கள். சான்றிதழ்களின் பிரதிகளை ஒரு கோவையில் ஆயத்தமாக வையுங்கள். வேலைத்தளத்தில் சேவைக் கடிதம் ஒன்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

படி 4: சொற் கொப்பி

தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பொறியியல் படிக்கும்போது, பாடத்தை விடச் சொற்கள்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். தகைப்பு என்று படித்தது ஸ்ட்ரெஸ் ஆகிவிடும். விகாரம், ஸ்ட்ரெய்ன் ஆகிவிடும். பள்ளியில் நுண்மானித் திருகுக் கணிச்சி என்று எழுதி எழுதிப் பாடமாக்கியதும் ஆலையில் எல்லோரும் மைக்ரோமீட்டர் என்று சொல்வதும் ஒரே சாமான்தான் என்று எனக்குப் பிடிபட ஒரு கிழமை ஆனது.

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். பாடநூலில் உள்ள ஆங்கிலச் சொல், பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், ஆலையில் வழங்கும் சொல். மூன்றும் ஒரே வரியில் வந்த பிறகு அந்தச் சொல் மறக்காது. இந்திய ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளில் உற்பத்தி முறைகள் பற்றி நல்ல தொடர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தலைப்பை அங்கே ஒரு முறை கேட்டுவிட்டுப் பாடநூலைத் திறந்தால் பாதிப் பாரம் குறையும்.

படி 5: வேலைத்தளத்தை ஆய்வுகூடமாக்குங்கள்

நான் சொல்ல வந்ததே இதுதான். பகுதிநேர மாணவனுக்கு நேரம் குறைவு, ஆனால் முழுநேர மாணவனுக்குக் கிடைக்காத ஒன்று அவனிடம் இருக்கிறது: ஓடுகிற மெஷின். அதைப் பயன்படுத்தாவிட்டால் நேரம் குறைவு என்பது மட்டும்தான் மிஞ்சும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கன்வேயர் உருளையில் 6205 இலக்கப் பெயரிங் (ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை போனது. கிரீஸ் சரியில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். எங்கள் ஃபோர்மன் அண்ணன் பழைய பெயரிங்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, பெயரிங்கை விடும். ஷாஃப்ட்டைப் பாரும்" என்றார். பெயரிங் இருந்த இடத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு வளையம் கண்ணாடி மாதிரி மின்னியது. துணியால் துடைத்து மைக்ரோமீட்டர் வைத்தேன். 24.96 மில்லிமீட்டர்.

அந்தக் கிழமைதான் எங்களுக்கு எல்லைகளும் பொருத்தங்களும் என்ற பாடம், அதாவது ஒன்றுக்குள் ஒன்று போகும் பாகங்களின் அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது. வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். 6205இன் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம், 25 மில்லிமீட்டர். சாதாரணத் தரப் பெயரிங்கில் அந்தத் துளை 24.990க்கும் 25.000க்கும் இடையில் இருக்கும். ஷாஃப்ட் சுழன்று சுமை ஏற்கும் இடத்தில் வழக்கமாகக் கொடுக்கும் பொருத்தத்துக்கு அட்டவணையில் குறியீடு கே6. 25 மில்லிமீட்டருக்கு அது 25.002 முதல் 25.015 வரை. அதாவது ஷாஃப்ட் துளையை விட ஒரு பொடி பெரிதாக, இறுக்கி ஏற்றும்படி இருக்க வேண்டும். எங்களுடையது துளையை விட 30 முதல் 40 மைக்ரோன் சிறியது (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமயிரின் தடிப்பில் பாதி அளவு. அந்த இடைவெளியில் உள் வளையம் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல மெல்ல வழுக்கி, சூடாகி, தேய்ந்து போயிருக்கிறது. கிரீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டவுனில் ஒரு லேத் கடையில் புது ஷாஃப்ட் கடையக் கொடுத்து, நானும் பக்கத்தில் நின்றேன். 28 மில்லிமீட்டர் மென்னுருக்குக் கம்பி, அதிவேக உருக்கு வெட்டு உளி. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று எடுத்தால், 30ஐ 1000ஆல் பெருக்கி, பை தடவை 28ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 341 சுற்று வரும். கடைக்கார ஐயா கணக்கொன்றும் போடாமல், சத்தத்தைக் கேட்டுக் கியரை 330இல் வைத்திருந்தார். நாற்பது வருடக் காதும் ஒரு வரிச் சூத்திரமும் ஒரே இடத்தில் வந்து நின்றதைக் கண்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஷாஃப்ட் 25.01இல் முடிந்தது. பிறகு அந்தப் பெயரிங் போகவில்லை. சோதனையில் பொருத்தங்கள் பற்றிய கேள்வி வந்தபோது நான் எதையும் மனப்பாடமாக எழுதவில்லை, அந்த மின்னிய வளையத்தைத்தான் நினைத்து எழுதினேன்.

ஆலையில் மெஷினைத் தொட விடமாட்டார்கள் என்றால்? வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரிக்குப் போங்கள். நான் போனேன். குழைக்கும் மெஷினில் 20 நிமிடத்துக்கு 80 பாணுக்கான மா; மணிக்கு 240. உருட்டி அச்சில் போட இரண்டு பேர். இருவருமாக மணிக்கு 220. போறணையில் ஒரு தடவைக்கு 120 பாண். வேக 30 நிமிடம், எடுத்து அடுக்க இன்னும் 10. நாற்பது நிமிடத்துக்கு 120 என்றால் மணிக்கு 180. முதலாளி புதுக் குழைக்கும் மெஷின் வாங்க விலை கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கினாலும் ஒரு பாண்கூட அதிகமாக வராது, ஏனென்றால் கழுத்து இறுகி இருப்பது போறணையில். அடுத்த தட்டுகளை முன்னரே வாசலில் அடுக்கி வைத்து, அந்தப் பத்து நிமிடத்தை ஐந்தாக்கினால் மணிக்கு 205. பாடநூலில் இதைப் போத்தல்கழுத்து என்பார்கள். ஒரு மணிக்கூடும் ஒரு கொப்பியும் இருந்தால் நீங்களும் இதை அளக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆலையில் எதை அளப்பதானாலும், படம் எடுப்பதானாலும் மேலதிகாரியின் அனுமதியோடுதான். ஓடுகிற மெஷினில் கை வைத்து அளக்கக் கூடாது. நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, பிறகுதான்.

படி 6: ஷிப்ட்டும் ரயிலும்

தொலைக்கல்வி என்றாலும் ஆய்வுகூடப் பயிற்சிக்கு நாவலைக்குப் போகத்தான் வேண்டும். இரவு மெயிலில் ஏறினால் தம்பலகாமம், கந்தளாய் தாண்டிக் கல்லோயாவில் கொஞ்சம் நிற்கும். காட்டுக்குள் யானைக்காக மெதுவாகப் போகும். விடியக் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து நுகேகொடப் பக்கம் பஸ். ரயிலில் வாசிக்கலாம் என்று பெரிய புத்தகம் கொண்டு போகாதீர்கள். நித்திரை கொள்ளுங்கள். காலையில் லேத் முன்னால் நிற்க வேண்டியவர் நித்திரை இல்லாமல் போவது ஆபத்து.

தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி இல்லாவிட்டால் இறுதிச் சோதனைக்கே இருக்க முடியாது. இதை ஒரு வருடம் கொடுத்துத்தான் நான் கற்றேன். ஆய்வுகூடத் திகதி வந்தபோது எனக்கு நைட் ஷிப்ட். மாற வருவதாகச் சொன்ன நண்பருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல், நான் போகவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி பதிந்தேன். ஆகவே வருட அட்டவணை கையில் கிடைத்த அன்றே ஆய்வுகூடம், இடைத் தேர்வு, இறுதிச் சோதனைத் திகதிகளைச் சிவப்பு மையில் எழுதி, ஷிப்ட் போடும் அதிகாரியிடம் ஒரு பிரதி கொடுங்கள். மாறுவதற்கு ஒருவரல்ல, இரண்டு பேரைப் பேசி வையுங்கள். கைமாறாக அவர்களின் பெருநாள், திருவிழா நாட்களை நீங்கள் எடுங்கள். எங்கள் ஆலையில் தமிழ், முஸ்லிம், சிங்கள நண்பர்கள் இருந்ததால் பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக் என்று மாறி மாறி எடுத்தோம். அந்த ஒழுங்கு நான்கு வருடம் பிசகவில்லை.

படி 7: கடைசி வருடச் செயற்திட்டம்

இதற்கு இப்போதே ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். வேலையில் திரும்பத் திரும்பப் பழுதாவது எது, வரிசையில் எந்த இடத்தில் சாமான் குவிகிறது, எந்த அளவு அடிக்கடி பிழையாக வருகிறது என்று திகதியோடு எழுதுங்கள். செயற்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நேரத்தில் மற்றவர்கள் இணையத்தைக் கிளறுவார்கள். உங்கள் கையில் சில வருடத்துத் தரவு இருக்கும். அதை வைத்து வேலைத்தளத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எதை அளக்கப் போகிறேன், எத்தனை நாள், மெஷினை நிறுத்த வேண்டி வருமா, அறிக்கையில் ஆலையின் பெயர் வருமா. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அனுமதி கிடைப்பது சுலபம். என் கடிதத்தில் மூன்றாவது கேள்விக்கு "நிறுத்தத் தேவையில்லை, பராமரிப்பு நாளில் மட்டும் அளப்பேன்" என்று எழுதியிருந்தேன். அடுத்த நாளே கையெழுத்தோடு திரும்பி வந்தது.