கடன் சுமைக்கு நம்பகமான இலவச உதவியைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகத் தேடுவோருக்கான வழிமுறை

தவணை கட்ட முடியாமல் தவிக்கும் ஒருவர் இணையத்தில் உதவி தேடினால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் விளம்பரமாகத்தான் இருக்கும். 'உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், இன்றே பதிவு செய்யுங்கள்' என்று அழைக்கிறவர்களில், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு காசு வாங்காமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, கடன் கொடுத்தவர்களிடம் பேசி வழி செய்து தரும் அமைப்புகளும் பல நாடுகளில் இருக்கின்றன. இவர்களைப் பிரித்தறிய ஒரு கேள்வியைக் கடைசி வரை கைவிடாதீர்கள்: உதவுகிறேன் என்று சொல்பவருக்குப் பணம் யாரிடமிருந்து, எப்போது வருகிறது?

படி 1: எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

யாரையும் அழைப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். கடன் கொடுத்தவர் பெயர், மீதமுள்ள அசல், வட்டி விகிதம், மாதத் தவணை, எத்தனை தவணை நிலுவை, அடமானமோ ஜாமீனோ இருக்கிறதா என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி போதும். நண்பரிடம் வாங்கிய கைமாற்றையும் விட்டுவிடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு கடன், பின்னால் போடப்படும் திட்டம் முழுவதையும் கவிழ்த்துவிடக்கூடும். அடுத்த பக்கத்தில் மாத வருமானத்தையும், வாடகை, உணவு, மின்சாரம், மருந்து போன்ற தவிர்க்க முடியாத செலவுகளையும் எழுதுங்கள்.

இந்தத் தாளைப் பார்த்ததும் ஒன்று புரியும். அதிகமாகப் போன் செய்து மிரட்டுகிறவரின் கடன்தான் அவசரமான கடன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில், கட்டாவிட்டால் வீடு, மின்இணைப்பு, தொழிலுக்குத் தேவையான வாகனம் ஆகியவற்றில் ஏதாவது கையைவிட்டுப் போகும் என்றால், அந்தக் கடனோ பாக்கியோதான் முதலில் கவனிக்கப்பட வேண்டியது.

படி 2: தேடலை அரசுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் நாட்டின் மத்திய வங்கி, நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு, சட்ட உதவி அமைப்பு ஆகியவற்றின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள். மலேசியாவில் மத்திய வங்கியான பாங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவச ஆலோசனை தருகிறது. பிரிட்டனில் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் ஆகியவையும், ஆஸ்திரேலியாவில் நேஷனல் டெட் ஹெல்ப்லைனும் கட்டணமின்றி உதவுகின்றன. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கப்பட்ட என்எஃப்சிசி என்ற கூட்டமைப்பின்கீழ் லாப நோக்கற்ற ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. அங்கே கடன்களை ஒன்றாக்கி மாதம் ஒரே தொகையாகக் கட்டும் திட்டத்தில் சேர்ந்தால் சிறு மாதக் கட்டணம் இருக்கலாம். இந்தியாவில் வங்கி முறைகேடு பற்றிய புகாரை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி அளிக்கலாம். வழக்கு வரை போய்விட்டால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு பார்க்கப்படாமலேயே அங்கு இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள்.

படி 3: பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்

புகழ்பெற்ற தொண்டு அமைப்பின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றிப் போலித் தளம் நடத்துவது பழைய உத்தி. விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ வந்த எண்ணை அழைக்காமல், அரசின் பதிவேட்டில் அந்த அமைப்பைத் தேடி, அங்கே உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். நீங்கள் கேட்காமலேயே உங்களைத் தேடி வந்து, உங்கள் கடன் விவரத்தையும் தெரிந்து வைத்திருப்பவரிடம் பேச்சை வளர்க்காமல் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

படி 4: முதல் உரையாடலைக் கூர்ந்து கவனியுங்கள்

உண்மையான ஆலோசகர் கேள்விகளோடுதான் தொடங்குவார். வருமானம் நிலையானதா, வீட்டில் எத்தனை பேர், எந்தக் கடனுக்கு யார் ஜாமீன்தாரர், நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே வழிகளைப் பற்றிப் பேசுவார். அவர் சொல்லும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள இழப்பையும் சொல்வார். உங்கள் கணக்கைப் பார்க்காமலேயே, பேச ஆரம்பித்த சில நிமிடங்களில் 'கடனைப் பாதியாக்கிவிடலாம்' என்று உறுதி தருபவர் விற்பனையாளர், அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மூன்று கேள்விகளை நீங்கள் நேரடியாகக் கேளுங்கள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, அது எப்போது வசூலிக்கப்படும், வேறு யாரிடமிருந்தாவது உங்களுக்குப் பணம் வருகிறதா? மூன்றாவது கேள்விக்கு, வங்கிகளும் எங்களுக்கு நிதி தருகின்றன என்று பதில் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. பல நல்ல தொண்டு அமைப்புகள் அப்படித்தான் இயங்குகின்றன. அதை மறைக்காமல் சொல்கிறாரா, வங்கிக்குச் சாதகமில்லாத வழிகளையும் எடுத்துரைக்கிறாரா என்பதுதான் முக்கியம். முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தொலைபேசி வழியாகக் கடன் குறைப்புச் சேவை விற்கும் நிறுவனங்கள், கடனைத் தீர்த்துக் கொடுப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010-இலேயே விதி கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இந்தத் தொல்லையின் அளவு விளங்கும்.

வங்கியோடு பேசாதீர்கள், தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை எங்களிடம் கட்டுங்கள் என்ற அறிவுரைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த மாதங்களில் அபராதமும் வட்டிக்கு வட்டியும் ஏறிக்கொண்டே போகும், வழக்கும் வரலாம். கடனாளி மட்டுமல்ல, ஜாமீன் போட்டவரும் மாட்டிக்கொள்வார். அதேபோல் ஓடிபி, கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, அசல் பத்திரம் ஆகியவற்றில் எதையும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

படி 5: தீர்வை ஒப்புக்கொள்ளும் முன் அதன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தவணைகளை ஒன்றாக்கி மாதம் ஒரே தொகையாகக் கட்டும் திட்டத்தில் கடன் முழுவதும் அடையும், ஆனால் ஆண்டுகள் ஆகும். ஒரு தொகையைக் கட்டி மீதியைத் தள்ளுபடி செய்யும் செட்டில்மென்ட், கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்ணை, நீண்ட காலம் பாதிக்கும். பழைய கடன்களை அடைக்கப் புதுக்கடன் வாங்குவது, வட்டி உண்மையிலேயே குறைந்து, பழைய கடன் அட்டைகளின் பயன்பாடும் நின்றால் மட்டுமே பொருள் உள்ளது. திவால் மனு என்பது சட்டம் தரும் உரிமை. ஆனால் அதன் விளைவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் வழக்கறிஞரிடம் பேசாமல் அதில் இறங்கக் கூடாது.

சில பாதுகாப்புகள் ஆலோசகர் வழியாக மட்டுமே கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே முதல் நடைமுறையில் உள்ள 'பிரீத்திங் ஸ்பேஸ்' திட்டத்தில், பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் 60 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்படுகின்றன. அதற்குக் கடன் ஆலோசகர்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் நாட்டில் இதுபோல் ஏதேனும் உள்ளதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

படி 6: எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்

வாய்ப்பேச்சில் எவ்வளவு நல்ல ஏற்பாடு பேசப்பட்டாலும், தொகை, தேதி, வட்டி நிறுத்தப்பட்டதா என்பவை எழுத்தில் வரும் வரை காத்திருங்கள். ஆலோசனை மையம் வழியாகப் பணம் போகிறது என்றால், முதல் தவணை முடிந்ததும் கடன் கொடுத்த வங்கியையே அழைத்து, பணம் வந்து சேர்ந்ததா, திட்டத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று கேளுங்கள். அழைத்த தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் மூன்றையும் முதலில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து, ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். பதிலில் எங்காவது முரண்பாடு தெரிந்தால் அடுத்த தவணைக்கு முன்பே, இரண்டாம் படியில் சொன்ன வழியில் தேடிக் கண்டறிந்த வேறோர் அமைப்பிடம் அந்தக் கோப்பை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.